கொல்லைப்புறத்து ஜே பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவைகளில், ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் மாறுவது ஜே பறவையைப் பற்றித்தான். அழகு என்பார் ஒருவர், அடாவடி என்பார் அடுத்தவர். ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பறவை செய்வதில் முக்கால்வாசி புரிந்துவிடும். இது காக்கைக் குடும்பம். நீலச் சட்டை போட்ட காக்கை என்று நினைத்துப் பாருங்கள். பிறகு அதன் சத்தம், கூட்டம், கள்ளத்தனம் எதுவுமே புதிதாகத் தோன்றாது.

நீலமாக, கொண்டையோடு ஒரு பறவை வந்து தீனித்தட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. எந்த ஜே அது?

நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே என்றால் அநேகமாக புளூ ஜே, அதாவது நீல ஜே. நீளம் 25 முதல் 30 செ.மீ., எடை 70 முதல் 100 கிராம். முதுகுப் பக்கம் நீலம், வயிற்றுப் பக்கம் சாம்பல் கலந்த வெள்ளை. கழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கயிறு கட்டியதுபோல ஒரு கோடு. இறக்கையிலும் வாலிலும் கறுப்புக் குறுக்குக் கோடுகள், நடுநடுவே வெள்ளைத் திட்டு. பறக்கும்போது அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும்.

மேற்கே, ஊசியிலை மரங்கள் உள்ள இடங்களில் வருவது ஸ்டெல்லர் ஜே. தலையும் மார்பும் கரி பூசியதுபோல இருக்கும்; அதற்குக் கீழே அடர்நீலம். இறக்கையில் வெள்ளை கிடையாது. கொண்டை இன்னும் நெட்டையாக இருக்கும்.

நீலமாக இருக்கிறது, ஆனால் கொண்டையே இல்லை என்றால் ஸ்க்ரப் ஜே. பசிபிக் கரையோரம் இருப்பது கலிபோர்னியா ஸ்க்ரப் ஜே, உள்நாட்டு வறண்ட பகுதியில் இருப்பது உட்ஹவுஸ் ஸ்க்ரப் ஜே. இரண்டையும் ஒரே இனம் என்றுதான் 2016 வரை எழுதிவந்தார்கள்; பழைய கையேடு வைத்திருப்பவர்கள் குழம்புவது இதனால்தான். புளோரிடாவுக்கென்று தனி ஸ்க்ரப் ஜே உண்டு, உலகில் வேறெங்கும் கிடையாது.

எல்லா ஜேயும் நீலம் என்றும் நினைக்க வேண்டாம். வடக்குக் காடுகளின் கனடா ஜே முழுக்கச் சாம்பல். டெக்சஸின் தென்முனையில் இருக்கும் பச்சை ஜே பெயருக்கேற்ற பச்சை. ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வரும் யூரேசிய ஜே இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. இறக்கையில் ஒரு சின்னத் துண்டில் மட்டும் நீலமும் கறுப்பும் வரிவரியாக இருக்கும்.

ஸ்டெல்லர் என்பது யார்?

கியோர்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர், ஜெர்மானிய இயற்கையியலாளர். விட்டஸ் பெரிங்கின் ரஷ்யக் கடற்பயணத்தில் சென்றவர். 1741-ல் அலாஸ்கா அருகே கயாக் தீவில் சில மணி நேரம் கரையிறங்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அங்கே கிடைத்த ஒரு கருநீலப் பறவையைப் பார்த்ததும், கிழக்கு அமெரிக்காவின் நீல ஜேயைப் படத்தில் பார்த்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. இது அதற்குச் சொந்தம், அப்படியானால் நாம் வந்திருப்பது அமெரிக்காதான் என்று முடிவுகட்டினார். வரைபடம் தெளிவில்லாத காலத்தில் ஒரு பறவையை வைத்துக் கண்டத்தை அடையாளம் கண்ட மனிதர்!

பனங்காடையைக்கூட ஆங்கிலத்தில் புளூ ஜே என்பார்களே?

பழைய ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நீலமாக இருந்ததைத் தவிர வேறு காரணம் கிடையாது. பனங்காடை மீன்கொத்திக்கு நெருங்கிய உறவு. காக்கைக் குடும்பத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உண்மையான ஜேக்கள் இந்தியாவில் இமயமலைப் பக்கம் இருக்கின்றன. தென்னாட்டில் பார்க்கக்கூடியவற்றில் ஜேயின் சொந்தக்காரர் என்று சொல்வதானால் காக்கையையும் வால்காக்கையையும்தான் சொல்ல வேண்டும்.

அந்த நீலம் சாயமா, வெளிச்சத்தின் வேலையா?

வெளிச்சத்தின் வேலைதான். ஜேயின் இறகில் நீல நிறமி என்று எதுவும் கிடையாது. இருப்பது மெலனின், அது பழுப்பும் கறுப்பும் தரும் நிறமி. இறகின் உள்ளே இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. கீழே கிடக்கும் ஓர் இறகை வெயிலுக்கு எதிரே, வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வரும்படி பிடித்துப் பாருங்கள். நீலம் போய் மங்கிய பழுப்பு தெரியும்.

பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி ஜேயின் இறகை எடுத்து வைத்துக்கொள்வதுகூடக் குற்றம்.

ஆண் எது, பெண் எது?

பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கூடு கட்டும் பருவத்தில் ஒன்று இன்னொன்றின் வாயில் தீனி வைப்பதைப் பார்த்தால், ஊட்டுவது ஆண். அடைகாப்பது பெண்.

கோடை முடியும்போது மொட்டைத்தலை ஜே ஒன்று வந்தது. ஏதாவது நோயா?

பெரும்பாலும் இல்லை. கோடை இறுதியில் ஜேக்கள் இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும். பெரும்பாலான பறவைகளுக்குத் தலை இறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறும். சில ஜேக்களுக்கு மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். அப்போது கறுத்த தோலும் காது ஓட்டையும் தெரிய, சின்னக் கழுகுபோல் இருக்கும். பார்க்கச் சகிக்காதுதான். சில நாட்களில் முளைகள் வந்து மறுபடி கொண்டை எழும்பிவிடும். பேனோ உண்ணியோ காரணமாக இருப்பதும் உண்டு, ஆனால் பறவை சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம்.

கொண்டை சில நேரம் நிற்கிறது, சில நேரம் படிந்திருக்கிறது. ஏன்?

அதன் மனநிலையைச் சொல்லும் அளவுகோல் அது. சண்டைக்கு நிற்கும்போது, அதிரும்போது, மிரளும்போது கொண்டை எழும். ஜோடியோடும் குஞ்சுகளோடும் நிம்மதியாகத் தின்னும்போது தலையோடு தலையாகப் படிந்துவிடும். தீனித்தட்டில் இரண்டு ஜேக்கள் சந்திக்கும்போது கொண்டையை மட்டும் கவனித்தாலே அடுத்து யார் பறக்கப்போகிறார் என்று சொல்லிவிடலாம்.

பருந்து கத்தியது. எல்லாக் குருவிகளும் ஓடின. ஆனால் பருந்தைக் காணோம், தட்டில் ஜேதான் உட்கார்ந்திருக்கிறது!

ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. நீல ஜே செந்தோள் பருந்தின் குரலை அச்சு அசலாக எடுக்கும். மற்ற பறவைகளைக் கிளப்பிவிட்டுத் தட்டைத் தனக்காக்கிக்கொள்ளும் தந்திரம் என்பது ஒரு விளக்கம். பக்கத்தில் பருந்து இருக்கிறது என்று தன் இனத்துக்குச் சேதி சொல்வது என்பது இன்னொரு விளக்கம். தட்டுக்கு வரும் வழியிலேயே கத்திக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு முதலாவதுதான் சரியென்று படுகிறது. ஆனால் ஆளே இல்லாத மரத்தில் உட்கார்ந்தும் அதே குரலை எழுப்புகிறது என்பதால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அதன் சொந்தக் குரல்களும் பல. பெயரே அதன் கத்தலிலிருந்து வந்ததுதான்: "ஜே! ஜே!" என்று தொண்டை கிழிய ஒரு கூப்பாடு. அடிபம்புக்கு எண்ணெய் போடாமல் அடித்தால் வருவதுபோல ஒரு கிறீச்சு. அப்போது உடம்பையும் பம்புபோலவே மேலும் கீழும் ஆட்டும். இதெல்லாம் போக, யாரும் கேட்காததுபோல, வாய் திறக்காமல் முணுமுணுக்கும் ஒரு மெல்லிய பாட்டும் உண்டு. இந்தத் தொண்டையிலா இது வருகிறது என்று இருக்கும். சத்தமில்லாத காலையில், புதருக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கலாம்.

வேர்க்கடலையை எடுக்கிறது, வைக்கிறது, வேறொன்றை எடுக்கிறது. இவ்வளவு பிகு எதற்கு?

எடை பார்க்கிறது. தோல் மூடிய கடலையில் பருப்பு இருக்கிறதா, சொத்தையா என்பது வெளியிலிருந்து தெரியாது. அலகில் தூக்கி, லேசாக அசைத்து, கனத்தையும் சத்தத்தையும் வைத்து முடிவு செய்கிறது. மெக்சிகோ ஜேக்களை வைத்து அரிசோனாவில் செய்த சோதனையில், வெற்று ஓட்டை அவை இப்படித்தான் கண்டுபிடித்து ஒதுக்கின. சந்தையில் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு பிடி கடலை போட்டால் பத்து நிமிடத்தில் காணோம். அவ்வளவையும் தின்கிறதா?

தின்பது கொஞ்சம், பதுக்குவது அதிகம். காக்கை கரைந்து, உறவைக் கூப்பிட்டு உண்ணும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அதே குடும்பத்தில் பிறந்த இது கரந்து உண்ணும் ரகம்.

நீல ஜேயின் தொண்டையில் விரியக்கூடிய ஒரு பை இருக்கிறது. அதில் இரண்டு மூன்று ஓக் கொட்டை, வாயில் ஒன்று, அலகு நுனியில் ஒன்று என ஐந்து வரை ஒரே நடையில் கொண்டுபோகும். கழுத்து புடைத்துக்கொண்டு பறக்கும்போது பார்த்தால் சுளுக்கு வீக்கம் என்று நினைப்பீர்கள். ஒரு கொட்டையைத் தரையில் குத்தி இறக்கி, மேலே ஓர் இலையையோ கல்லையோ போட்டு மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காது; ஒன்று களவு போனால் மொத்தமும் போகக் கூடாதல்லவா. ஓர் இலையுதிர்காலத்தில் ஒரு பறவை 3,000 முதல் 5,000 ஓக் கொட்டை வரை இப்படிப் புதைப்பதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் தோண்டித் தின்றது போக மிச்சம் மண்ணிலேயே கிடக்கும். தாய்மரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், விதை முளைக்க ஏற்ற ஆழத்தில், ஈரமான மண்ணில் நட்டுவிட்டுப் போனதுபோல. ஓக் கொட்டை கனமானது, காற்றில் பறக்காது. அணிலும் வெகுதூரம் கொண்டுபோகாது. கடைசிப் பனியுகம் முடிந்தபின் ஓக் காடுகள் அவ்வளவு வேகமாக வடக்கே பரவியதில் ஜேயின் பங்கு பெரிது என்று தாவரவியலாளர்கள் சொல்வது இதனால்தான். உங்கள் பூந்தொட்டியில் யாரும் வைக்காத ஓக் கன்று முளைத்தால் ஆளைத் தேட வேண்டாம்.

புதைத்த இடம் நினைவிருக்குமா என்றால், நம்மைவிட நன்றாகவே இருக்கும். ஆய்வாளர்கள் நிக்கோலா கிளேட்டனும் அந்தோனி டிக்கின்சனும் 1998-ல் ஸ்க்ரப் ஜேக்களை வைத்துச் செய்த சோதனை பெயர்பெற்றது. அவற்றுக்குப் புழு என்றால் உயிர், ஆனால் புழு கெட்டுவிடும், கடலை கெடாது. பதுக்கிச் சில மணி நேரத்தில் விட்டால் நேராகப் புழு இருந்த இடத்துக்குப் போயின. ஐந்து நாள் கழித்து விட்டால் புழுவை மறந்துவிட்டுக் கடலை இருந்த இடத்துக்குப் போயின. எதை, எங்கே, எப்போது வைத்தோம் என்ற மூன்றும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதுக்கும்போது வேறொரு ஜே பார்த்துவிட்டால், அது போனபிறகு திரும்பி வந்து சரக்கை வேறிடத்துக்கு மாற்றிவிடும். ஆனால் எல்லா ஜேக்களும் இப்படிச் செய்வதில்லை. முன்பு தானே பிறர் சரக்கைத் திருடிய அனுபவம் உள்ளவைதான் செய்கின்றன. திருட்டுப் புத்தி திருடனுக்குத்தானே தெரியும்.

கனடா ஜேயின் வழி வேறு. மண் உறைந்துபோகும் ஊர்களில் புதைத்துப் பயனில்லை என்பதால், ஒட்டும் எச்சிலால் உணவை உருட்டி மரப்பட்டை இடுக்கில் ஒட்டிவைக்கும்.

முட்டையும் குஞ்சும் திருடும் பறவை என்கிறார்களே?

திருடும். பொய்யில்லை. ஆனால் பெயர் கெட்ட அளவுக்குக் காரியம் இல்லை. நீல ஜேக்கள் என்ன தின்றிருக்கின்றன என்று பெரிய அளவில் இரைப்பைகளைச் சோதித்தபோது, முட்டையோ குஞ்சோ தின்ற தடயம் இருந்தது சுமார் 1 சதவீதத்தில்தான். மற்றதெல்லாம் கொட்டை, விதை, பழம், பூச்சி.

தட்டில் சின்னப் பறவைகளை விரட்டுவது உண்மைதான். அதே ஜே ஆந்தையோ பருந்தோ வந்தால் முதலில் பார்த்துக் கூச்சல் போட்டு, நாலைந்தாகச் சேர்ந்து சூழ்ந்து விரட்டும். அந்தச் சத்தத்தில் தப்பிப்பவை தட்டில் விரட்டப்பட்ட அதே குருவிகள்.

வீட்டுச் சுவரின் பெயிண்டைக் கொத்தித் தின்கிறது. என்ன செய்வது?

சுண்ணாம்புச் சத்துக்காக. வெளிர்நிறப் பெயிண்டில் அது இருக்கிறது. பனி மூடிய மாதங்களிலும் முட்டையிடும் பருவத்துக்கு முன்னும் இந்தத் தொல்லை அதிகம். கோழி முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்து அல்லது வாட்டி, நொறுக்கித் தட்டில் போடுங்கள். சுவரை விட்டுவிடும்.

எறும்பைப் பிடித்து இறகில் தேய்த்துக்கொள்வதைப் பார்த்தேன். குளிக்கிறதா?

இறகிலுள்ள பூச்சிகளைக் கொல்லத்தான் எறும்பு அமிலத்தைப் பூசிக்கொள்கிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். நீல ஜேக்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்லியது. அமிலப் பையை எடுத்துவிட்ட எறும்பைக் கொடுத்தால் ஜேக்கள் பெரும்பாலும் தேய்க்காமலே விழுங்கிவிட்டன. ஆகவே நடப்பது சமையல்: அமிலத்தை இறகில் பிழிந்துவிட்டு எறும்பைத் தின்கிறது.

சாப்பாட்டில் அடிபட்டுக் கற்றுக்கொள்வதற்கும் ஜே பேர்போனது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு நம் எருக்குக்கு உறவான பால்செடியைத் தின்று வளர்வதால், அந்தப் பூச்சியின் உடலில் நஞ்சு சேர்ந்திருக்கும். லிங்கன் பிரவர் 1960-களில் செய்த சோதனைகளில், அதை விழுங்கிய நீல ஜே வாந்தி எடுத்தது. பிறகு ஆரஞ்சு இறக்கையைக் கண்டாலே ஒதுங்கியது.

இறந்துகிடந்த ஒரு ஜேயைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கூடிக் கத்தின. துக்கமா?

ஸ்க்ரப் ஜேக்களிடம் இதை ஆய்ந்து 2012-ல் எழுதினார்கள், அதுவும் வீட்டுக் கொல்லைகளில் வைத்தே. இறந்த ஜேயைக் கண்டதும் ஒன்று கத்தும். மற்றவை வந்து சேரும். அந்தப் பக்கம் தீனி எடுப்பதையும் நிறுத்திவிடும். இங்கே ஆபத்து என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதாக அதைப் படிக்கிறார்கள். துக்கம் என்று நாம் சொல்வது நம் மனது.

இறந்த பறவையை வெறும் கையால் தொடாதீர்கள். 1999-ல் நியூயார்க்கில் நுழைந்த வெஸ்ட் நைல் வைரஸ் காக்கைக் குடும்பத்தைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. காயமில்லாமல் ஜேக்கள் செத்துக் கிடந்தால் உள்ளூர் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். கொசுவால் மனிதருக்கும் வரும் நோய் அது.

குஞ்சு ஒன்று தரையில் தத்துகிறது. எடுத்து வளர்க்கலாமா?

வேண்டாம். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்துகிறது என்றால் அது பறக்கப் பழகும் வயது. தாய் தந்தை மேலேயே இருக்கும். நீங்கள் நகர்ந்தால்தான் இறங்கும். பூனையையும் நாயையும் உள்ளே வைத்துக்கொள்வதுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி. இறகே இல்லாத குஞ்சாக இருந்து கூடும் எட்டும் தூரத்தில் இருந்தால், அதில் திருப்பி வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை.

கூடு எப்படி இருக்கும்?

மரக்கவட்டில், பெரும்பாலும் 3 முதல் 10 மீட்டர் உயரத்தில், சுள்ளியும் மெல்லிய வேரும் வைத்துக் கட்டிய கிண்ணம். பொதுவாக நாலைந்து முட்டை. அடைகாப்பு 17, 18 நாள். பொரித்து மூன்று வாரத்துக்குள் குஞ்சு கூட்டை விட்டுவிடும். எப்போதும் கூச்சல் போடும் ஜே கொல்லையில் திடீரென்று ஓசையில்லாமல் வந்துபோனால், பக்கத்தில் கூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கனடா ஜே மட்டும் பனி உருகுமுன்பே, குளிர்கால முடிவிலேயே முட்டையிட்டுவிடும்.

குளிர்காலத்தில் தெற்கே போய்விடுமா?

பெரும்பாலானவை போவதில்லை. ஒரு பகுதி மட்டும் போகும். பெரிய ஏரிகளின் கரையிலும் அட்லாண்டிக் கரையிலும் பகல் நேரத்தில் ஆயிரக்கணக்கில் போவதைக் காணலாம். வேடிக்கை என்னவென்றால், ஒரே பறவை ஒரு வருடம் போகும், மறு வருடம் இருந்துவிடும்.

எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?

ஆய்வாளர்கள் அடையாளத்துக்குக் காலில் வளையம் போட்ட நீல ஜேக்களில் மூத்தது குறைந்தது 26 வருடம் 11 மாதம் இருந்திருக்கிறது. அவ்வளவு காலம் வாழ்வது அபூர்வம்.

என்ன வைத்தால் வரும்?

ஓடுள்ள வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, கொழுப்புக் கட்டி. கடலையில் உப்பு கூடாது, பூஞ்சை பிடித்ததைக் கண்டிப்பாகப் போடக் கூடாது. ஆடும் குழாய்த் தட்டில் ஜேயால் வசதியாக உட்கார முடியாது; கம்பத்தில் நிலையாக நிற்கும் அகலத் தட்டு வையுங்கள். சின்னப் பறவைகளுக்கு இடம் வேண்டுமென்றால் அவற்றுக்குக் குழாய்த் தட்டு தனியாக, சற்றுத் தள்ளி. தட்டு ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். இடைப்பட்ட தூரத்தில்தான் பறவைகள் வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன. நீண்டகாலத் திட்டம் என்றால் ஒரு ஓக் மரம்.

புளோரிடாவில் இருந்தால் அங்குள்ள ஸ்க்ரப் ஜேக்குத் தீனி போடாதீர்கள். 1987 முதல் அது அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. நம் தீனியை நம்பி முன்கூட்டியே முட்டையிட்டுவிடும். குஞ்சு பொரிக்கும்போது அதற்கு வேண்டிய புழு இருக்காது.

நீல ஜேயும் பச்சை ஜேயும் கலந்து ஒரு ஜே பிறக்க முடியுமா?

ஒன்று இருக்கிறது. டெக்சஸில் சான் அன்டோனியோ அருகே ஒருவர் தன் கொல்லைக்கு வந்த விசித்திர நீலப் பறவையின் படத்தை இணையத்தில் போட்டார். பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் போய்ப் பிடித்து, இரத்தம் எடுத்து, காலில் வளையம் போட்டு விட்டார். 2025-ல் வெளியான முடிவு: தாய் பச்சை ஜே, தந்தை நீல ஜே. பச்சை ஜே வடக்கே நகர, நீல ஜே மேற்கே நகர, முன்பு சந்திக்காத இரண்டும் இப்போது ஒரே ஊரில் இருக்கின்றன. தட்பவெப்பம் மாறுவதும் அதற்கு ஒரு காரணம். பிடித்து விட்டபிறகு இரண்டு வருடம் போல அந்தப் பறவை கண்ணில் படவில்லை. 2025 ஜூனில் அதே வீட்டின் கொல்லைக்கே திரும்பி வந்தது.